நாயிடம் வளர்ந்தவர்கள்

டாக்டர் பிரிசில்லா முப்பத்திரண்டு வருடம் பரிணாம உயிரியல் படித்து, கல்லூரியில் பாடம் எடுத்து, கடைசியில் உலகத்துக்குச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: மனிதன் நாயை வளர்க்கவில்லை, நாய்தான் மனிதனை வளர்த்தது.

ஆதியில் குப்பைமேட்டுக்கு வந்த ஓநாய்களில் பயப்படாதவை பிழைத்தன. அவை முகம் பார்த்து வாலாட்டப் பழகின. வால் ஆடியதும் மனிதனின் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போயிற்று. அன்றைக்கு யார் யாரைப் பழக்கினார் என்று கேட்பார். இதை ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் எழுதினார். வானொலியில் சொன்னார். ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னார். மாப்பிள்ளை ஏன் அப்படித் தேம்பி அழுதார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

கொல்லிமலையில் ஏழு வருடமாக அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு நாட்டு நாயை. பழுப்பு நிறம், இடது காதில் பாதி கிடையாது, வால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. காலையில் அடிவாரத்தில், காரவள்ளியில் பழைய சோறு தின்றுவிட்டு ஏழரை பஸ்ஸில் ஏறும். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் மனிதர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் குமட்டிக்கொண்டிருக்க, அது முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் கியர் போடுவதில் குற்றம் கண்டுபிடிக்கும். செம்மேட்டில் இறங்கி மத்தியானச் சாப்பாடு. நாலரை பஸ்ஸில் இறக்கம். நான் கால்நடைத் துறையில் முப்பது வருடம் மாட்டுக்கு ஊசி போட்டு ஓய்வு பெற்றவன். இவ்வளவு ஒழுங்கான ஓய்வு வாழ்க்கை எங்கள் இயக்குநருக்கே வாய்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஓம்பிரகாஷுக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே உடம்பு எரியும். "நாய்னா ஒரு எஜமான் இருப்பான் மேடம். எத்தனை பேர் சோறு போட்டாலும் மனசுக்குள்ள ஒருத்தன்தான்" என்பார். பிரிசில்லா அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஏழு வருடக் கட்டுரை ஒரு பெரிய பத்திரிகையில் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஓம்பிரகாஷ் சவால் விட்டார். மலையில் நடக்கும் நாய்க் கண்காட்சியில், அந்த நாய்க்கு எஜமான் என்று ஒருவரும் இல்லை என எல்லோர் முன்னாலும் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் மைக்கில் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"வாரேன்" என்றார் பிரிசில்லா.

கண்காட்சிக்குச் சுமார் பத்தாயிரம் நாய்கள் வந்திருந்தன. சரி, நாற்பத்தாறு. ராசிபுரத்திலிருந்து ஏசி காரில் வந்த ஒன்று, அதன் முதலாளியைவிட நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தது. பெயர் பதியும் மேசையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

முதலில் வந்தவர் காரவள்ளி விவசாயி சுப்பண்ணன். "பேரு புலிங்க. பழுப்பு. ஒரு காது பாதி."

"நாய் எங்கீங்க?"

"வந்துருமுங்க. எம் பேச்சைத் தட்டாதுங்க."

பின்னால் பஸ் கண்டக்டர் மாணிக்கம். "எழுதிக்குங்க, டைகர். பழுப்பு, காது பாதி, வால் நுனி வெள்ளை. நம்ம பஸ்ல சில்லறைக்குச் சண்டை போடாத ஒரே பாசஞ்சர்."

மூன்றாவது, செம்மேட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் அமலோற்பவம். "ஜூலி" என்றார். அடையாளம் சொன்னதும் என் பேனா நின்றுவிட்டது.

"அது கடுவனுங்களே, அம்மா. ஆம்பளை நாய்."

"அதுக்கென்ன இப்ப? கூப்பிட்டா வருது."

சுப்பண்ணன் திரும்பினார். "ஏனுங்க, எங்க புலிக்கு நீங்க எதுக்கு சேலை கட்டி உடறீங்க?"

"உங்க புலியா? ஏழு வருஷமா மத்தியானம் எங்க ஊட்லதான் சாப்பிடுது."

"அதனாலதான் ராத்திரி வந்தா திங்கறதுக்கு மூஞ்சியத் தூக்குதா? என்ன போடறீங்க?"

"மீன்" என்றார் அமலோற்பவம். சுப்பண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் சுத்த சைவம்.

நாய் தன் பாட்டுக்கு மாலை நாலு மணிக்கு மைதானத்துக்குள் நடந்து வந்தது. புலி என்றதும் சுப்பண்ணனிடம் போய் வாலாட்டியது. டைகர் என்றதும் மாணிக்கத்திடம் போனது. ஜூலி என்றதும் வெட்கமே இல்லாமல் அமலோற்பவத்தின் காலடியில் மல்லாந்து படுத்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் கால் இரண்டு சாய்ந்தது. பிரிசில்லா அறிவியலுக்கே கல்யாணம் ஆனது போல முகம் மலர்ந்து நின்றார்.

ஓம்பிரகாஷ் விடவில்லை. "எல்லார் கையிலயும் பிஸ்கட் இருக்கு. கையைக் கழுவிட்டு வெறுங்கையோட நில்லுங்க. யாரும் கூப்பிடக் கூடாது. அதுவா யாருகிட்டப் போகுதோ அவங்கதான் எஜமான். அப்படி ஒருத்தர் இருந்துட்டா, மேடம், உங்க கதை முடிஞ்சுது."

மூன்று பேரும் மூன்று மூலையில் கையைக் கட்டி நின்றார்கள். நாய் நடுவில் உட்கார்ந்தது. சொறிந்தது. வானத்தைப் பார்த்தது. பிறகு எழுந்து, மூன்று பேரையும் தாண்டி, நேராகப் பந்தலுக்குள் வந்து, பிரிசில்லாவின் புடவைமேல் வலது காலை வைத்தது.

பிரிசில்லாவின் கை அவரைக் கேட்காமலே கைப்பைக்குள் போயிற்று. ஒரு மேரி பிஸ்கட்டோடு வெளியே வந்தது.

மைதானமே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. ஸ்வெட்டர் நாய்கூடக் கழுத்தை நீட்டியது.

ஓம்பிரகாஷ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலேகால். தினமுமா மேடம்?"

பிரிசில்லா பிஸ்கட்டை நாயின் வாயில் வைத்தார்.

"நீங்க படிக்கக் கொடுத்த குறிப்பேட்டுல நாலுலிருந்து நாலரை வரை 'நாய் ஓய்வு'ன்னு ஏழு வருஷமா எழுதியிருக்கே."

ஆராய்கிறவர் தான் ஆராயும் விலங்குக்குத் தின்னக் கொடுத்தால் அந்தக் கணக்கெல்லாம் குப்பை என்று அவரே ஆயிரம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். பசியில் வந்தது, தற்செயல், முதல் தடவை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணி ஆமாம் என்றிருப்பேன். அவர் வாயைத் திறந்தார், நாயைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். நாய் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இரண்டாவதுக்கு மறுபடி காலைத் தூக்கியது. கை மறுபடி பைக்குள் போனது.

அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக்கை வாங்கினார்.

"மன்னிப்புக் கேக்கறேன். தள்ளி நின்னு கவனிச்சேன்னு ஏழு வருஷமா எழுதினது பொய். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன். ஆனா டாக்டர், இந்த நாய் மூணு பேரைப் பழக்கியிருக்குன்னு நான் நினைச்சேன். அது தப்பு. நாலு பேரு. அதுல ஒருத்திக்கு பரிணாம உயிரியல் தெரியும். தெரிஞ்சும் தப்பிக்க முடியலை. இதுக்கு மேல நிரூபணம் வேணுமா?"

ஓம்பிரகாஷ் மைக்கை வாங்கி, "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். முதல் பரிசு எவர்சில்வர் குண்டா. அதற்கு நான்கு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். அதற்குள் நாலரை பஸ் ஹாரன் அடித்தது. நாய் ஓடியது, அதன் பின்னால் கண்டக்டர் ஓடினார்.

மாதக் கடைசியில் பிரிசில்லாவின் சாமான்களைச் சொந்த ஊரான பாளையங்கோட்டைக்கு ஏற்றிப் போக லாரி வந்தது. பீரோ, கட்டில், பதினேழு டன் புத்தகம் எல்லாம் ஏறிவிட்டன. மணி நாலேகால் ஆனது. நாய் வந்து லாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டது. குரைக்கவில்லை, சும்மா படுத்துப் பார்த்தது.

ஆறு மணிக்குச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். பீரோவின் ஒரு முனையை ஓம்பிரகாஷ் பிடித்திருந்தார். "அப்ப எப்பத்தான் மேடம் ஊருக்குக் கிளம்புவீங்க?"

"அதுகிட்டக் கேளுங்க. நான் என்ன சொல்றது" என்றார் பிரிசில்லா.

லாரி காலியாகக் காரவள்ளிக்கு இறங்கியது. பஸ்ஸைத் தவறவிட்ட நாய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போயிற்று. அந்த டிரைவர் இப்போதெல்லாம் வேலை இல்லாத நாளிலும் அடிவாரத்துக்கு பன் வாங்கிக்கொண்டு வருகிறாராம்.