ஏரியில் இன்று சறுக்க வேண்டாம்

புனேயை ஒட்டிய வாகட்டில் சந்திரிகா குடியிருந்த கட்டடத்தில் அவளுக்குப் 'பர்ஃப்வாலி மேடம்', அதாவது பனிக்கார மேடம், என்று பெயர். லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "மேடம், ஆஜ் கித்னா பர்ஃப் கிரா?", இன்று எவ்வளவு பனி விழுந்தது என்று கேட்காமல் விடமாட்டார்கள். சந்திரிகாவும் சளைக்காமல் ஒன்பது அங்குலம் என்றால் "நௌ இன்ச்" என்றோ, ஒன்றுமில்லை என்றால் "குச் நஹீ" என்றோ சொல்லிவிட்டு நாலாவது மாடியில் இறங்கிப் போவாள். கேட்பவர்களுக்கு அது கேலி. அவள் சொல்லும் அளவு ஒரு நாளும் தப்பியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், ஏரிக்கரை ஒன்றில் மரத்தால் கட்டிய ஒரு விடுதி இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை குளிரைத் தேடி அங்கே ஆட்கள் வந்து தங்குவார்கள். மலை உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் பனிச்சறுக்கு அல்ல இது. காலில் ஒல்லியான நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு காட்டுக்குள்ளும் உறைந்த ஏரியின் மேலும் மைல் கணக்கில் உந்தி உந்திப் போவது. க்ராஸ்-கன்ட்ரி ஸ்கீ என்பார்கள். எந்தப் பாதை எப்படி இருக்கிறது, பனி புதுசா பழசா, பலகைக்கு அடியில் எந்த நிற மெழுகைத் தேய்க்கவேண்டும் என்றெல்லாம் தினமும் விடிவதற்குள் விடுதியின் இணையப் பக்கத்தில் ஒரு அறிக்கை வந்துவிடும். அதைப் படித்த பிறகுதான் அங்கே காப்பிக் கோப்பையையே தொடுவார்கள். அதை எழுதுகிறவள் வாகட்டில், சாப்பாட்டு மேஜைக்கு முன்னால், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது விடுதியின் சொந்தக்காரி காரினுக்கும், வண்டி ஓட்டிப் பனியை அமுக்கிப் பாதை போடுகிற டேலுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பொய் சொல்ல வேண்டாம். யாரும் கேட்காத வரைக்கும் சொல்லவும் வேண்டாம்" என்று காரின் முதல் வருஷமே சொல்லியிருந்தாள். சந்திரிகாவுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஃப்ரீஸரில் சுரண்டி எடுக்கிற ஐஸைத் தவிர வேறு பனியைத் தொட்டே பார்க்காதவள் சொல்வதை யார் நம்புவார்கள்? இந்த ஒரு கேள்வி மட்டும் நாலு குளிர்காலமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. மற்றபடி தன் வேலையில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான். கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் விசாலாக்ஷி, "லாட்ஜுலயா வேலை பார்க்கறா?" என்று பஸ் ஸ்டாண்டு லாட்ஜை மனதில் வைத்துக்கொண்டு பதறிப்போய் ஃபோன் செய்தாள். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் பிடித்தது.

இந்த வேலைக்கு முன்னால் சந்திரிகா ஹிஞ்ஜவாடி ஐ.டி. கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள். செய்து கொடுத்தவன் 'எல்லாம் சரியாக ஓடுகிறது' என்று சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்துதான் டெஸ்டருக்கு வேலையே ஆரம்பம். அந்தப் புத்தி போகவில்லை. டேல் தினமும் அங்கே காலை ஐந்து மணிக்கு, இங்கே மாலை நாலரைக்கு, பனியில் நடந்தபடியே பேசி ஒரு ஒலிப்பதிவு அனுப்புவார். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது போல இருக்கும். புரியாமல், முதல் வருஷம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்பாள். அப்படிக் கேட்டுக் கேட்டு, பேச்சை விட்டுவிட்டு அவருடைய பூட்ஸைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். நல்ல குளிரில் காய்ந்த பனி, சோள மாவுப் பாக்கெட்டை விரலால் அழுத்தினால் வருகிற மாதிரி கிறுக், கிறுக் என்னும். கொஞ்சம் இளகினால் சத்தம் மழுங்கும். மழை பெய்து உறைந்திருந்தால் கண்ணாடி போல நொறுங்கும். நானூறு பதிவுகளுக்கு மேல் வகை பிரித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தாள். டேல் சொல்வதும் அவருடைய காலடி சொல்வதும் ஒத்துப்போனால்தான் அறிக்கையில் எழுதுவாள்.

அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமை இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"ஏரிப் பாதை அருமை. நாலு கிலோமீட்டர், தீவு வரைக்கும் போட்டாச்சு. மைனஸ் பதினெட்டு" என்றார் டேல். வண்டியை விட்டு இறங்கி, பனியின் ஆழம் பார்க்கிற கம்பு வரைக்கும் நடந்தார். கிறுக், கிறுக், கிறுக். பிறகு இரண்டு அடி மட்டும் வேறு மாதிரி. கிறுக்கென்று ஆரம்பித்து, அடியில் போய்ச் சளக் என்று முடிந்தது. மறுபடியும் கிறுக், கிறுக்.

சந்திரிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சந்தேகமே இல்லை, அடியில் தண்ணீர்.

வியாழக்கிழமை அங்கே பதினாலு அங்குலம் பனி கொட்டியிருந்தது. அத்தனை கனமும் ஏறி உட்கார்ந்தால் ஏரியின் மேல் உறைந்த தளம் அழுந்தும், விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வரும். வந்த தண்ணீரைப் பனியே கம்பளி மாதிரி போர்த்தி உறையவிடாமல் காக்கும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியாது. வேகமாக ஓட்டிப் போகிற வண்டி அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்கீயில் போகிறவன் மாட்டிக்கொள்வான். அந்தக் குளிரில் நனைந்த பலகை கல்லாகிவிடும், நனைந்த கால் விறைத்துவிடும், கரை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டேலே முழங்கால் வரை இறங்கியிருக்கிறார். அந்தப் பதிவும் அவளிடம் இருந்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதே சளக். கூடவே டேலின் கெட்ட வார்த்தை ஒன்று.

டேலைக் கூப்பிட்டாள். கிடைக்கவில்லை. அவர் இந்நேரம் மலைப் பாதையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார்.

கணவன் கோகுல்நாத் கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான். கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் மகள் மீனுவுக்கு ஷூ வாங்குவதாக ஏற்பாடு.

"அம்மா, ஷாப் பந்த் ஆயிடும். சலோ நா" என்றாள் மீனு.

"இன்னிக்கு ஏரியை மூடணும்ங்க" என்றாள் சந்திரிகா.

"எந்த ஏரியை?" என்று கேட்டுவிட்டு, கோகுல்நாத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்தாளு அங்க நின்னுக்கிட்டு நல்லாருக்குதுங்கறான். நீ இங்க உக்காந்துக்கிட்டு இல்லீங்கற. உனக்கு எதுக்கு வம்பு? அவன் சொன்னதை அப்படியே எழுதிப்போட்டு வா, போலாம்."

"அவருக்கு ஒரு காது கேக்காதுங்க. முப்பது வருசம் எஞ்சின் மேல உக்காந்தவரு. நான் கேட்டேன், எனக்குக் கேட்டுது. கேட்டதுக்கப்புறம் நல்லாருக்குதுன்னு எப்படிங்க எழுதறது?"

அவன் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பத்து வருஷ டெஸ்டரோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன். இந்தக் குரலுக்கு எதிராகப் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரியும்.

சந்திரிகா எழுதினாள்: "ஏரிப் பாதை மூடப்பட்டுள்ளது. பனிக்கு அடியில் தண்ணீர். ஏரியில் இன்று சறுக்க வேண்டாம்." மற்ற பாதைகளைப் பற்றியும் நாலு வரி சேர்த்து, பொத்தானை அழுத்தினாள். அறிக்கை வெளியே போய்விட்டது. டேல் கூப்பிடக்கூடும் என்று அவள் மேஜையை விட்டு எழவில்லை, ஷூ வாங்கப் போவதும் தள்ளிப்போயிற்று.

ஆறே முக்காலுக்குக் காரின் கூப்பிட்டாள். அங்கே காலை ஏழே கால், சாப்பாட்டு நேரம். முகமன் எதுவும் இல்லை.

"ஏரியை யாரைக் கேட்டு மூடினீங்க? டேல் நல்லா இருக்குன்னுதானே சொன்னார்?"

"சொன்னார். ஆனா அவர் கால் வேற சொல்லுது."

"சந்திரிகா, இன்னிக்குச் சனிக்கிழமை. நாற்பது பேர் இருக்காங்க. மத்தியானம் தீவுல நெருப்பு மூட்டி சூப் கொடுக்கறோம்னு ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன். அதுக்காகவே வந்தவங்க பாதிப் பேர். உடனே மாத்துங்க."

"மாத்த மாட்டேன். உங்க விடுதி, நீங்க மாத்திக்கலாம். என் கையால அந்தப் பாதையைத் திறக்க மாட்டேன்."

காரின் பல்லைக் கடிக்கிற சத்தம் ஏறக்குறையக் கேட்டது.

"இங்கே ஹால்வர்சன்னு ஒருத்தர். இருபத்திரண்டு வருஷமா வர்றார். கரையிலிருந்து பார்த்தா மேஜை விரிப்பு மாதிரி இருக்கு, தண்ணியை யார் பார்த்ததுன்னு கேட்கறார். பார்த்தவங்களை வரச்சொல்லு, நேரா வந்து காட்டட்டும்ங்கறார். நான் என்ன சொல்றது?"

கேட்காத வரைக்கும் சொல்ல வேண்டாம் என்றது ஒப்பந்தம். இப்போது கேட்டாகிவிட்டது. சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. உடம்பு சரியில்லை, வேறு வேலையாக வெளியே போயிருக்கிறாள் என்று காரின் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொன்னால் ஹால்வர்சன் மெழுகைத் தேய்த்துக்கொண்டு நேராக ஏரிக்குத்தான் போவார். உண்மையைச் சொன்னால் சிரித்துக்கொண்டே போவார். இரண்டாவதில் குறைந்தபட்சம் அவரோடு பேசவாவது முடியும்.

"ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் மேஜையில வைங்க" என்றாள் சந்திரிகா.

"நிஜமாவா?"

"வைங்க."

தட்டு, கரண்டிச் சத்தம் பெரிதானது. அப்புறம் கனத்த குரல் ஒன்று, "நீங்கதான் தினமும் அறிக்கை எழுதறவரா? ஏரியில தண்ணியைப் பார்த்தீங்களா?" என்றது.

"பார்க்கலை. காதால கேட்டேன்."

"எங்கே இருந்து கேட்டீங்க? இப்ப எங்கே இருக்கீங்க?"

"இந்தியாவில. புனேன்னு ஒரு ஊர். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உக்காந்திருக்கேன். வெளியே முப்பது டிகிரி வெயில் இப்பத்தான் தணிஞ்சிருக்கு. என் ஆயுசுல பனியைத் தொட்டதில்லை."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மேஜை மேஜையாகப் பரவுவது கேட்டது. "நாலு வருஷமாவா?" என்றாள் ஒரு பெண். சந்திரிகாவுக்கு முகம் சுட்டது. கோகுல்நாத் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். மீனு ஷூவை மறந்து வாயைப் பிளந்து நின்றாள்.

"சிரிச்சு முடிச்சப்புறம் சொல்லுங்க" என்றாள் சந்திரிகா. "எனக்குப் பனி தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால நீங்களே கேட்டுப் பாருங்க. இது டேல் நேத்து ஏரியில நடந்தது."

கிறுக், கிறுக், கிறுக், கிறுக்.

"இது இன்னிக்குக் காலையில. நாலாவது, அஞ்சாவது அடியைக் கவனியுங்க."

கிறுக், கிறுக் என்று போய், அந்த இரண்டு அடி வந்தது, போனது. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் ஹால்வர்சன்.

போட்டாள். சிரித்த பெண்ணின் குரல்தான் முதலில் வந்தது. "அடியில தண்ணி. தெளிவாக் கேட்குது."

"ஆமாம், தண்ணிதான்" என்றார் ஹால்வர்சன். பிறகு, "டேலுக்கு இது எப்படிக் கேட்காமப் போச்சு?" என்றார்.

"டேலுக்கு நான் கத்தறதே கேட்காது" என்றாள் காரின். எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. காரின் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்து, "சூப்பை மலைப் பாதையில இருக்கற குடிசைக்கு மாத்திடறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். மன்னிப்புக் கேட்பதற்கு அவளுக்கு வேறு வழி தெரியாது என்று சந்திரிகாவுக்குத் தெரியும்.

யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். கனத்த குரல் ஃபோனுக்கு நெருக்கமாக வந்தது.

"இன்னிக்கு எந்த மெழுகு?" என்றார் ஹால்வர்சன்.

பனியைத் தொட்டதில்லை என்று சந்திரிகா அவரிடம் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் அவளிடம் மெழுகு கேட்கிறார். நாலு வருஷமாக அரித்த கேள்வி இப்படி ஒரு பதிலாகத் திரும்பி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் அசையவில்லை.

"பச்சை. மெல்லிசா ரெண்டு பூச்சு. பத்து மணிக்கு மேல மலைப் பாதையில வெயில் விழும், அப்ப நீலம் தேவைப்படலாம், பையில வெச்சுக்குங்க. மூணாவது வளைவுல இறக்கம் இன்னும் கெட்டிப்படலை, மெதுவாப் போங்க."

"நாளைக்கு ஏரி?"

"நாளைக்கும் கிடையாது. அந்தத் தண்ணி அடிவரைக்கும் இறுகணும். மூணு நாளாவது ஆகும். நான் சொல்றேன், அப்ப போங்க."

"சரி, நீங்க சொன்னதுக்கப்புறம் போறோம்" என்று சொல்லிவிட்டு, ஹால்வர்சன் பச்சை மெழுகு எங்கே இருக்கிறது என்று காரினைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.