டம்மியின் கடைசி வரி

மனித இனம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை மூடநம்பிக்கை ஒரு துளிகூட இல்லாமல் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்ட ஒரே ஆள் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லமாட்டான். ரத்தப் பிரிவைக் கேட்டால் சொல்வதுபோலச் சொல்வான். அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை. யாரையாவது நினைத்த நேரத்தில் அந்த ஆளே எதிரில் வந்து நின்றால் "தற்செயல்" என்பான். பக்கத்தைச் சேமிக்கும் முன் மின்சாரம் போனால் "தற்செயல்" என்பான். முதலாளி ஒருமுறை சிரித்தபோதும் அதையே சொன்னான். அதனால் அச்சகத்தில் அவன் பெயரே தற்செயல் என்று ஆகிவிட்டது. தொலைபேசியை எடுப்பவர்கள்கூட, "இருங்க, தற்செயல் இருக்காரான்னு பாக்குறேன்" என்பார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி பிரிட்ஜைப் பிடித்துக்கொள்பவள்.

அவளுடைய தம்பி கால்பந்துக் கோல்கீப்பர். சில வருஷங்களுக்கு முன் கிளப் ஆட்டம் ஒன்றை டிவியில் காட்டியபோது, தற்செயல் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தான். அதே நொடியில் தம்பியின் கால்களுக்கு நடுவே பந்து புகுந்து போனது. அன்றிலிருந்து சட்டம் வந்தது. தம்பி ஆடும்போது பிரிட்ஜைத் திறக்கக்கூடாது. சட்டத்தை அமல்படுத்த அவளே தொண்ணூறு நிமிஷமும் பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் பின்னால் கொடுத்து நிற்பாள். அங்கிருந்து டிவி தெரியாது. காதால்தான் பார்ப்பாள்.

"உன் தம்பிக்குச் சம்பளம் கொடுக்குறது வேஸ்ட்டு. பிரிட்ஜையே கொண்டுபோய் கோல் கம்பத்துக்கு நடுவுல நிறுத்திடலாம்" என்பான் தற்செயல்.

"பேசுங்க, பேசுங்க. வாய்தானே, வாடகையா கேக்குது" என்பாள் அவள், கதவை விடாமல்.

அந்த ஜனவரியில் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலர் வேலை அச்சகத்துக்கு வந்தது. மலர் வெளிவருவது டிசம்பர் கடைசியில்தான். ஆனால் பக்கங்கள் எப்படி இருக்கும் என்று மாதிரியை முதலிலேயே காட்டச் சொன்னார்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க ஓர் அட்டவணை: இந்த ஆண்டின் தேசிய அணி ஆட்டங்கள் ஆறு, தேதி, கோல் கணக்கு, குறிப்பு. அப்போது ஓர் ஆட்டமும் நடந்திருக்கவில்லை. தற்செயல் டம்மி போட்டான்.

பக்கம் கட்டுபவர்கள் பாஷையில் டம்மி என்றால், விஷயம் வந்து சேரும்வரை இடம் பிடித்து வைக்கும் பொய். பஸ் சீட்டில் கைக்குட்டை போடுவது மாதிரி. ஆள் வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

கை போன போக்கில் எண்களைப் போட்டான். பிப்ரவரியில் 0-3. மார்ச்சில் 1-1, குறிப்பு, 'மழையால் அரை மணி நேரத் தாமதம்'. ஜூனில் 0-1, 'சேம் சைடு கோல்'. ஒரு வெற்றிகூட இல்லாவிட்டால் சங்கத்துக்காரர்கள் முகம் கோணும் என்று செப்டம்பரில் 2-1. அந்தக் கருணைக்கு ஈடாக நவம்பரில் 0-4. டிசம்பர் ஆட்டத்துக்கு 0-2. அங்கே குறிப்புக் கட்டம் எவ்வளவு நீளமான வரியைத் தாங்கும் என்று பார்க்க, தோன்றியதிலேயே நீளமானதைத் தட்டினான்: '74ஆவது நிமிடத்தில் படுகாயமடைந்த கோல்கீப்பர் ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுசெல்லப்பட்டார்.' வரி இம்மி பிசகாமல் கட்டத்தில் உட்கார்ந்தது. அதில் அவனுக்குத் தொழில்முறைத் திருப்தி. அப்போது மச்சான் தேசிய அணியின் மூன்றாவது கோல்கீப்பர். அதாவது, மற்ற இருவருக்கும் தண்ணீர் பாட்டில் தூக்கிக் கொடுப்பவன்.

சங்கத்தின் செயலாளர் நேரில் வந்து பக்கத்தைப் பார்த்தார். "ஒரு வெற்றியா?" என்றார்.

"போதுமா சார்?"

"நமக்கு அதுவே ஜாஸ்தி" என்று சொல்லி, ரப்பர் ஸ்டாம்பை ஊதிக் குத்தினார். 'பார்வையிடப்பட்டது. மாற்றம் இல்லை.'

பிழை திருத்தும் அக்கா அந்தப் பிரதியைத் தன் மேஜைக்கு மேலே இருந்த பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தாள். ஸ்டாம்பு குத்திய பிரதியை இறுதி அச்சு வரை பலகையில் வைத்திருப்பது அச்சகத்து வழக்கம்.

பிப்ரவரியில் 0-3 என்று தோற்றார்கள். யாரும் கவனிக்கவில்லை. அந்த அணி 0-3 என்று தோற்பது செய்தியே அல்ல, தட்பவெப்பம்.

மார்ச்சில் ஆட்டம் சமனில் முடிந்த மறுநாள் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தற்செயல், இங்க கொஞ்சம் வாயேன்" என்றாள். பலகையில் விரலை வைத்தாள். "ஒண்ணுக்கு ஒண்ணு. சரி. மழையால தாமதம். சரி. எவ்வளவு நேரம் தாமதம்னு பேப்பர்ல போட்டிருக்கான் பாரு."

அரை மணி நேரம்.

"மார்ச்சுல மழை பெய்யறது என்ன அதிசயம்க்கா? மைதானம் காயணும்ல, அரை மணி நேரம்தான் ஆகும். தற்செயல்."

"தற்செயல்னு கூப்பிட்டா நீதானே வருவே" என்று அக்கா சிரித்தாள்.

ஜூனில் முதல் கோல்கீப்பர், தன் தடுப்பாட்டக்காரன் தலையால் திருப்பிக் கொடுத்த பந்தை வாரிப் பிடிக்கப் போய்த் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டான். 0-1. மறுநாள் அக்கா சிரிக்கவில்லை. பலகையில் முதல் மூன்று வரிகளுக்கும் எதிரே பென்சிலால் சின்னதாக டிக் போட்டிருந்தாள். அவள் இருபது வருஷமாகப் போடும் டிக்தான். மூலப் பிரதியோடு ஒத்துப்பார்த்தாயிற்று என்று அர்த்தம். எது மூலம், எது பிரதி என்பதுதான் இப்போது விளங்கவில்லை.

"டம்மிய எடுத்துட்டு நடந்ததைப் போடணும்ல, அக்கா? அந்த வேலை மிச்சம். சந்தோஷப்படுங்க" என்றான் தற்செயல்.

சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். வயிறு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னான். அதுவும் தற்செயல்தான்.

முதல் கோல்கீப்பரைச் சங்கம் தூக்கிவிட்டது. இரண்டாமவன், இந்த நிலைமையில் எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று வேறு நாட்டுக் கிளப்புக்கு ஓடிப்போனான். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் தற்செயல் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி ஓடிவந்தாள். கையில் மாவு; அதோடேயே அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"தம்பிதாங்க! இனிமே முதல் கீப்பர் நம்ம தம்பிதான்! வருஷக் கடைசி வரைக்கும்!"

"வருஷக் கடைசி வரைக்குமா?" என்றான் தற்செயல்.

"ஏன், கசக்குதா?"

"இல்ல இல்ல, நல்ல விஷயம்" என்றான். சட்டைத் தோளில் அவள் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

செப்டம்பரில் 2-1. நாடே தெருவில் இறங்கியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொண்ணூறு நிமிஷமும் பிரிட்ஜைப் பிடித்திருந்த மனைவிக்குக் கை மரத்துவிட்டது. அந்தக் கையோடேயே ஆடினாள். மச்சான் போனில் கத்தினான்: "அத்தான்! பாத்தீங்களா, அத்தான்! ரெண்டு கையாலயும் தட்டிவிட்டேன்!" இவ்வளவு பெரிய நாட்டில், அந்த வெற்றிக்குச் சந்தோஷப்படாதவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் அக்கா. மறுநாள் அவள் நாலாவது டிக்கைப் போட்டுவிட்டுப் பென்சிலை மேஜையில் வைத்தாள்.

"கடைசி வரியை மாத்திடு, தற்செயல்."

"எதுக்கு?"

"எதுக்கா? அந்த கோல்கீப்பர் யாரு இப்போ?"

"அக்கா, அது டம்மி. நான் என் கையால தட்டினது. கட்டம் தாங்குதான்னு பாக்கத் தட்டினது. இப்போ அதை மாத்தினா, அது ஏதோ பண்ணும்னு நான் நம்புறேன்னு ஆகிடும்."

"ஆனா என்ன? குடியா முழுகிடும்?"

"கொள்கை முழுகிடும்."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கொள்கையை ஸ்ட்ரெச்சர்ல தூக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பிழைகளைத் தேடத் திரும்பிக்கொண்டாள்.

நவம்பர் ஆட்டத்தன்று அவன் ஒரு முடிவோடு இருந்தான். எல்லாம் வெறும் தற்செயல் என்பதை வீட்டிலேயே நிரூபித்துக் காட்டிவிட்டால் அச்சகத்துப் பலகையும் அடங்கிவிடும் என்று கணக்கு. ஆட்டம் தொடங்குவதற்குள் வந்துவிடலாம் என்று குளிக்கப் போன மனைவிக்குத் தாமதமான இடைவெளியில் பிரிட்ஜைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான். கோல். அவள் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். "திறந்தீங்களா?" "தாகமா இருந்துச்சு." அவள் கண் முன்னாலேயே மறுபடி திறந்து குடித்தான். எதிரணி மூலையிலிருந்து அடித்த பந்து, கோல். இப்போது இருவருக்கும் பிடிவாதம் ஏறிவிட்டது. அவள் கதவை இழுத்து மூட, அவன் இழுத்துத் திறக்க, அந்தச் சண்டையில் கதவு இன்னும் இரண்டு முறை திறந்தது.

0-4.

டிவியில் மச்சான் கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். பிரிட்ஜுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி கதவைச் சாத்தினாள், மெதுவாக. பதினோரு நாள் அவனோடு பேசவில்லை.

பன்னிரண்டாவது நாள், பேச்சை ஆரம்பிக்க வேறு வழி தெரியாமல், அவன் கேலியையே எடுத்தான். "இங்க நின்னு கதவைப் பிடிக்கிறதுக்கு, டிசம்பர் ஆட்டத்துக்கு நேர்லயே போய்ப் பாரேன். மைதானத்துல பிரிட்ஜ் கிடையாது. உனக்கும் விடுதலை, பிரிட்ஜுக்கும் விடுதலை."

நையாண்டி என்றுதான் சொன்னான். அவள் அதை யோசனையாக எடுத்துக்கொண்டாள். தம்பியே டிக்கெட் அனுப்பினான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு அவன் மேஜை அருகில் வந்து நின்றாள். பலகையில் ஐந்து டிக். "நாளைக்கு லீவு. முதலாளி சாவியை எடுத்துட்டுப் போயிடுவாரு. இப்பவே மாத்திடு. ஒரே ஒரு வரி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

தற்செயல் அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தான். கடைசி வரி கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பிரதியில் குத்திய செயலாளரின் ஸ்டாம்பு நினைவுக்கு வந்தது. மாற்றம் இல்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை மாற்றியிருப்பான். பக்கத்தை மூடிவிட்டு, "போங்கக்கா, பஸ் போயிடும்" என்றான்.

மறுநாள் மதியமே மனைவி கிளம்பினாள். செருப்பை மாட்டியபடி, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "தண்ணி வெளியில எடுத்து வெச்சிருக்கேன். தயவுசெஞ்சு அதை மட்டும் திறக்காதீங்க."

"ஏன், அங்க ஆடுறவங்களுக்குக் குளிரடிக்குமா?"

அவள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கேலிக்குப் பதில் வராதது அவனுக்கு என்னவோபோல இருந்தது.

மாலை ஆட்டம் தொடங்கியது. வீட்டில் அவனும் டிவியும். வெளியில் வைத்த தண்ணீரை முதல் பத்து நிமிஷத்திலேயே குடித்துத் தீர்த்துவிட்டான். இருபத்தெட்டாவது நிமிஷத்தில் 0-1. இடைவேளையில் முதலாளிக்குப் போன் செய்தான்; அச்சகத்தில் குடையை மறந்துவிட்டேன், சாவி கிடைக்குமா என்று கேட்பதாக உத்தேசம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் இன்னும் மிச்சமிருந்தது.

அறுபத்தொன்றாவது நிமிஷத்தில் 0-2.

இனி எண்களில் மாற ஒன்றும் இல்லை. குறிப்பு மட்டும்தான் பாக்கி. தற்செயல் டிவியின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தான். எழுபது. எழுபத்தொன்று. எதிரணியில் ஓர் ஆஜானுபாகுவான ஆள் மாற்று வீரனாக இறங்கி, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொடுக்கினான். மச்சான் கையுறையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் நடந்தான். சின்னப் பிள்ளைபோலத் தெரிந்தான். கோட்டுக்கு வெளியே ஸ்ட்ரெச்சர் தூக்கும் நால்வரில் ஒருவன் எழுந்து நின்று, சோம்பல் முறித்தான். மறுபடி உட்காரவில்லை.

எழுபத்திரண்டு.

தற்செயல் எழுந்தான். டிவி சத்தத்தை முழுசாகக் கூட்டினான். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்திருந்தும் ஒருமுறை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போய், பிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் பின்னால் கொடுத்து அழுத்திக்கொண்டான். கதவின் விளிம்பில் அவன் தோளுக்குக் கீழே, பெயின்ட் தேய்ந்து ஒரு வழவழப்பான இடம் இருந்தது. அவள் கை படும் இடம். இத்தனை வருஷத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை.

வர்ணனையாளரின் குரல் ஏறியது. பந்து உயரமாக வருகிறது, கோல்கீப்பர் முன்னால் ஓடி வருகிறார், அந்த மாற்று வீரரும் ஓடி வருகிறார். பிறகு ஒரு சத்தம். மைதானம் மொத்தமும் மூச்சை இழுத்த சத்தம்.

"எழுபத்து நாலாவது நிமிடம். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறார். அசைவு இல்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே வருகிறது."

தற்செயல் கண்ணை இறுக்கி மூடினான். முதுகுக்குப் பின்னால் பிரிட்ஜ் மோட்டார் உறுமத் தொடங்கியது. கதவு லேசாக அதிர்ந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி இன்னும் அழுத்தினான்.

"பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டார்கள்... தூக்கப் போகிறார்கள்... இல்லை. இல்லை, கையை அசைக்கிறார். வேண்டாம் என்கிறார்போல இருக்கிறது. எழுந்து உட்கார்ந்திருக்கிறார். தொடர்வாரா என்று தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் இன்னும் அங்கேயே இருக்கிறது."

இன்னும் பதினாறு நிமிஷம்.

கூடத்து மேஜைமேல் போன் அடித்தது. மனைவிக்கென்று வைத்திருந்த தனி மணி. எடுக்கப் போனால் ஏழெட்டு அடி நடக்கவேண்டும். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. தொண்டை வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் பாட்டில் கதவுக்கு உள்பக்கம், அவன் இடது தோளுக்கு நேர் பின்னால்தான் இருந்தது.

தற்செயல் நகரவில்லை.