ஃபிறிஜ்ஜுக்கு இரண்டு காவல்

வாவிக்கரை நாய்கள் எல்லாம் ஒன்றுகூடிக் குரைத்தாலும் மல்கம் அசையமாட்டார். அந்த மனிதரை நடுங்கவைத்தவை இரண்டு கினிப்பன்றிகள். தேங்காயளவு உடம்பு, பேருக்குக்கூட வால் இல்லை, பெயர்கள் குயீனி, டொறின். மகள் அன்ட்றியா கல்யாணம் முடித்து மெல்பேர்னுக்குப் போனபோது, "டடி, இதுகளக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க" என்று அழுதழுது ஒப்படைத்துவிட்டுப் போனாள். இப்போது அவைதான் டடியைப் பார்த்துக்கொண்டன.

மல்கம் ஆயுள் முழுக்க ஃபிறிஜ் திருத்தியவர். சித்தாண்டியிலிருந்து மண்டூர் வரைக்கும் அவருடைய கை படாத ஃபிறிஜ் ஒன்று உண்டென்றால், அது இன்னும் கடை லொறியிலிருந்து இறங்காததாகத்தான் இருக்கும். கினிப்பன்றிக் கூட்டைக்கூடப் பழைய ஃபிறிஜ்களின் கம்பித் தட்டுகளை வைத்தே கட்டியிருந்தார். வெயில் ஏறினால் அதுகளுக்கு மயக்கம் வருமென்று, உறைந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைப்பார். அவை ஜமீன்தாரிணிகள் போல அதில் சாய்ந்துகொள்ளும்.

வில்லங்கம் தொடங்கியது கிளினிக்கில். மல்கத்துக்குச் சீனி வருத்தம் என்று சொன்ன அன்று மனைவி தெல்மா ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தாள்.

"மனிசனுக்கும் கினிப்பன்றிக்கும் விற்றமின் சீ உடம்பில தானா ஊறாதாம், மல்கம்."

"அதுக்கு?"

"அதுக்கென்ன, இனி ரெண்டு சமையல் வேணாம். ஒண்டு போதும்."

அன்றுமுதல் ஒரே சாப்பாடு. காலையில் வல்லாரை, மத்தியானம் பொன்னாங்காணி, பின்னேரம் வெள்ளரிக்காய், நடுவில் நெல்லிக்காய். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். குயீனிக்கும் டொறினுக்கும் போகும் கீரையைத் தெல்மா மூன்று தண்ணீரில் அலசினாள். மல்கத்துடையதை ஒரு தண்ணீரில். ஒரு மாதத்தில் தமது மேற்பல் நீளத் தொடங்கிவிட்டதாக மல்கம் சத்தியம் செய்தார்.

இந்த நிலையில்தான் நத்தாருக்கென்று தெல்மா லவ் கேக் போட்டாள். ரவை, கஜு, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, தேன், பன்னீர், ஒரு கோழிப்பண்ணையே கண்ணீர் விடுமளவுக்கு முட்டை மஞ்சள். அது அடுப்பிலிருந்து இறங்கிய வாசத்தில் ஓட்டமாவடி பஸ் வழி மாறி எங்கள் தெருவுக்குள் வந்ததாக ஒரு பேச்சு உண்டு. எறும்புக்குப் பயந்து கேக்கைத் தகரப் பெட்டியில் போட்டு ஃபிறிஜ்ஜுக்குள் வைத்தாள்.

"நத்தாருக்கு முதல் ஒரு துணுக்கும் இல்ல. நானும் தொட மாட்டன். நத்தார் வரைக்கும் இனிப்பே வேணாமெண்டு நேர்ந்திருக்கன்," என்றாள். மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த றோஸ்மேரிக்கும் கேட்கும்படி. றோஸ்மேரிக்குக் கேட்டால் கோயில் முழுக்கக் கேட்டமாதிரி.

மல்கத்துக்கு வேறு ஆசை கிடையாது. ஒரு துண்டு. சாகுமுன் ஒரே ஒரு துண்டு.

முதல் நாள், தெல்மா மத்தியானம் படுத்ததும், குசினிக்குள் நுழைந்து ஃபிறிஜ் கதவில் கை வைத்தார்.

"குயீக்! குயீக்! குயீக்!"

கல்லடிப் பாலத்தில் போனவர்கள் ரயில் வருகிறதென்று சைக்கிளை ஓரம்கட்டினார்கள்.

"அன்ரீ!" மதிலுக்கு மேலால் றோஸ்மேரி. "அங்கிள் ஃபிறிஜ்ஜத் திறந்திட்டார் போல!"

"மல்கம்!" அறைக்குள்ளிருந்து தெல்மா.

"ஐஸ் போத்தல் எடுக்க வந்தன், மென்!" மல்கத்துக்கு மனைவியும் 'மென்'தான்.

"ஐஸ் மேல் கதவுக்குள்ள. கிரீச்செண்டது கீழ்க் கதவு."

தொழில்காரருக்கு ரோசம் வந்தது. கதவுச் சத்தம் கேட்டுத்தான் அதுகள் கத்துகின்றன என்று நினைத்தார். ஒரு ஃபிறிஜ் அவரையே காட்டிக்கொடுப்பதா? கீலுக்கு எண்ணெய் போட்டார். கதவு ரப்பரை மாற்றினார். உள்பல்பைக் கழற்றினார். கடைசியில் அந்தக் கதவு, நல்ல மனிதனின் உயிர் பிரிவதுபோல் சத்தமில்லாமல் திறந்தது. கினிப்பன்றிகள் மட்டும் முன்னைவிட உரத்துக் கத்தின.

பிறகொரு காலையில், மல்கம் குசினியில் வல்லாரைச் சம்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தெல்மா வந்து ஃபிறிஜ்ஜைத் திறந்தாள். பால் எடுத்தாள். படாரென்று மூடினாள். கூட்டில் மூச்சு இல்லை. மல்கம் மெதுவாக எழுந்து ஓரடி வைத்தார். செருப்பு 'சளக்' என்றது, முழங்கால் 'டக்' என்றது.

"குயீக்! குயீக்!"

அட! ஃபிறிஜ்ஜுக்கல்ல, தமக்கு! தினமும் விடியற்காலையில் புல் அறுத்து வந்து கொட்டுகிறவரின் காலடியை அவை படித்து வைத்திருந்தன. காட்டிக்கொடுத்தது பகையல்ல, பாசம். மல்கத்தின் கண் கலங்கியது. உடனேயே கேக் நினைவு வந்து கண் காய்ந்தது.

அன்று மத்தியானம் தெல்மாவின் கட்டிலடியிலிருந்து அவளுடைய பஞ்சுச் செருப்பைக் களவெடுத்தார். குதிகால் பாதி வெளியே தொங்கியது. கழுத்தில் அவளுடைய பவுடரை அப்பிக்கொண்டார். முழங்கால் மடங்கக் கூடாதே என்று, வாவியில் மீன் பார்க்கும் கொக்குப்போலக் காலை விறைப்பாக எடுத்து வைத்துக் குசினிக்குப் போனார்.

கூட்டில் சத்தமில்லை.

கதவைத் திறந்தார். கீரைக் கட்டுகளை விலக்கினார். தகரப் பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றினார்.

பாதிக் கேக்கைக் காணவில்லை! அடிமட்டம் வைத்ததுபோல் நேராக வெட்டிய வெட்டு. அப்படி வெட்டத் தெரிந்த கை இந்த ஊரில் ஒன்றுதான்.

"மல்கம்."

வாசலில் அந்தக் கைக்காரி நின்றாள். வெறுங்கால். கையில் சின்னத் தட்டு.

"அது என்ட செருப்பு," என்றாள்.

"இது எங்கட கேக்," என்றார். "அந்தத் தட்டு என்னத்துக்கு?"

"குயீனிக்கு வெள்ளரிக்காய் எடுக்க."

"முள்ளுக்கரண்டியோடயா, மென்?"

தெல்மா முள்ளுக்கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பதில் கினிப்பன்றிகளிடமிருந்துதான் வந்தது. மல்கத்தின் குரல் கேட்ட சந்தோஷத்தில் இரண்டும் கம்பியில் ஏறி நின்று கூரையைத் தூக்கின.

"அன்ரீ!" மதிலுக்கு மேலால் றோஸ்மேரியின் தலை முளைத்தது. "ஓடி வாங்க! அங்கிள் கேக்கில கைவைக்கிறார் போல!"

மல்கம் தெல்மாவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு மதில் பக்கமாக மிக நிதானமாக வாயைத் திறந்தார். தெல்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல, றோஸ்மேரி! நான் பக்கத்திலதான் நிக்கன்! பாவம், மனிசன் கீரை எடுக்கார்!"

தலை மறைந்தது. தெல்மா கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினாள். மல்கம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப்பக்கம் தெரிந்தது.

"றோஸ்..." என்று தொடங்கினார்.

இரண்டாவது துண்டு செங்கல்லளவு வந்தது.

கூட்டடியில் இரண்டு கதிரைகள் போட்டார்கள். குயீனிக்கும் டொறினுக்கும் ஒரு முழுக் கொய்யா கிடைத்தது. நால்வரும் மென்றார்கள்.

"நாளைக்கும் இதே நேரமா?" என்றார் மல்கம், விரலை நக்கியபடி.

"ஓம். ஆனா உங்கட செருப்பையே போட்டுக்கொண்டு வாங்க," என்றாள் தெல்மா. "இதுகள் கத்தாட்டி றோஸ்மேரிக்குச் சந்தேகம் வந்திரும்."