மூணாம் பிரிவுக்கு வரவேண்டிய இடி

சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் பழைய ரப்பர்த் தோட்டத்தின் மூணாம் பிரிவில், இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு அடித்த ஒரு மின்னலுக்கு இடி ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. மின்னல் அடித்தது தேங்காய் விலை ஏறிய வாரத்தில். மழை இன்னும் இறங்கியிருக்கவில்லை. தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால், எண்ணெய்க்குச் செம்பனை நடுவதற்காக எல்லாவற்றையும் வெட்டிய பிறகும் மிஞ்சியிருந்த நாலைந்து ரப்பர்ப் பால்மரங்களில் ஒன்றின் மேல் வெளிச்சம் இறங்கியது. மரம் உச்சியிலிருந்து வேர் வரை பிளந்து இரண்டு பக்கமும் சாய்ந்தது. இடி இடிக்கவில்லை. மரம் விழுந்த சத்தமும் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் மூணாம் பிரிவில் எழுந்த எந்த ஒலியும் யார் காதுக்கும் வந்து சேரவில்லை. செல்லாயி வீட்டுக் குக்கரின் கடைசி விசில் அதில் மாட்டிக்கொண்டதால் அன்று பருப்பு அடிபிடித்தது. எதிர்வீட்டுச் சீனியின் நாய் வாயைத் திறந்து மூடியதைப் பலர் பார்த்தார்கள். குரைப்பைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அதற்கடுத்த நொடியிலிருந்து எல்லாம் பழையபடி ஆயிற்று. மழை தகரக் கூரைகளின் மேல் வழக்கமான சத்தத்தோடு பெய்தது.

அந்த நொடியில் தார்ச்சடக்கோரத்துப் பஸ் கொட்டகையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் மகேந்திரன், செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர். மற்றவள் அதே லயத்து ராமையாவின் மகள் புனிதா; ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மறுநாள் ஊரை விட்டுப் புறப்பட இருந்தவள். மகேந்திரன் பல மாதங்களாக மனதுக்குள் வைத்திருந்ததை அன்றுதான் கேட்டான். “என்னைக் கட்டிக்கிறியா?” அவள் வாயைத் திறந்தபோது மின்னல் அடித்தது. அவள் சொன்னது “வேணாம்” என்ற ஒரே சொல். அது அவளுக்கே கேட்கவில்லை. மகேந்திரன் அவளைப் பார்த்தான், பிறகு பிளந்து கிடந்த மரத்தைப் பார்த்தான், “இடி எங்க போச்சு?” என்றான். அவனுக்குத் தன் பதில் கேட்கவில்லை என்று புனிதா முடிவு செய்துகொண்டாள். திரும்பச் சொல்ல மனம் வராமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் வீட்டுக்கு ஓடினாள். அவனும் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூணாம் பிரிவில் இருந்தவர்கள் சில வாரங்கள் இடிக்காகக் காத்திருந்தார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்தார்கள். மெல்ல மெல்ல வேலைவெட்டி பார்க்கப் போய்விட்டார்கள். மகேந்திரன் மட்டும் பிளந்த மரத்தடியில் போய் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்பே அப்படித்தான். தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் இரைகிற கெட்டில் கொதித்த பிறகு ஏன் அடங்குகிறது, வெக்கை நாளில் மின்விசிறிக் காற்று அதே வெக்கைக் காற்றாக இருந்தும் ஏன் குளிர்கிறது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்பான். பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் வேறு வழியாகப் போவார்கள்.

ஜெலாப்பாங் விடுதியில் புனிதாவுக்கு ஒரு தொந்தரவு தொடங்கியது. எதைப் பார்த்தாலும் கேள்வியாகத் தெரிந்தது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டு, கண்ணாடி ஒழுகாமல் தண்ணீர் எப்படி வெளியே வந்தது என்று யோசித்தாள். உடன் இருந்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். மகேந்திரனுக்குப் போன் செய்தாள். அது உள்ளே இருந்து வந்த தண்ணீரே இல்லை, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது என்று அவன் லாரியை ஓரங்கட்டிவிட்டுச் சொன்னான். சொல்லி முடித்ததும், “நீ கேட்டது நல்ல கேள்விலா” என்றான். அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. ஒரு வருடம் அந்தப் போன் நிற்கவில்லை. அதன் பிறகு அவள் ஊருக்கு வந்து அப்பாவிடம் பேசினாள்.

“அவன் உன்னைக் கேட்டானா?” என்றார் ராமையா.

“இப்ப இல்லப்பா. நான்தான் கேக்குறேன். நீங்க போய்ப் பேசுங்க.”

கல்யாணம் ஆகி இருவரும் ஈப்போவின் புந்தோங்கில் வாடகை வீடு எடுத்தார்கள். மகேந்திரன் லாரியை விட்டுவிட்டு குளிரூட்டும் ஏர்கோன் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். ஒரு மகள் பிறந்தாள். குடும்பத்தில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் வருடக் கடைசியில் மழைக்காலம் வந்ததும் மகேந்திரன் சுங்காய்க்குப் போய் அந்தக் கொட்டகையில் உட்காருவான், இடி வந்தால் கேட்க வேண்டும் என்று. புனிதாவும் கூடப் போவாள். இடி வந்தால் தனியாக வராது, தன் சொல்லையும் கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தாள். கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். மகள் நடக்கத் தொடங்கிய பிறகு அது எப்படி இவ்வளவு கனத்துப் போயிற்று என்று அவளுக்கே விளங்கவில்லை.

புந்தோங்கில் உஸ்மான் உணவகத்தில்தான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறுவார்கள். உஸ்மானின் மகள் ஹஃபீஸா இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒரு ஞாயிறன்று மகேந்திரன் ஆறு வருடத்துக் கதையையும் அவளிடம் சொன்னான். அவள் ரொட்டியைக் கிழித்துச் சாப்பிட்டபடியே, மின்னல் போகிற வழியில் காற்று சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடாகி வெடித்து விரிவதுதான் இடி என்றாள். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே புறப்படுகின்றன. வெளிச்சம் கண்ணிமைக்குமுன் வந்துவிடும், சத்தத்துக்கு ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி பிடிக்கும். கைப்பேசியில் ஒருமுறைக்கு இருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“ஆறு வருஷம்னா அந்த மரம் செவ்வாய்க் கிரகம் பூமிக்குக் கிட்ட வர்ற தூரத்துல இருக்கணும் அண்ணே. நடுவுல காத்தே கிடையாது, சத்தம் வரவும் முடியாது.”

“மரம் கக்கூசுக்குப் பின்னால இருந்துச்சு டீச்சர்.”

“அதான் எனக்கும் புரியல,” என்றாள் ஹஃபீஸா.

புனிதா, “தூரம் வர வர சத்தம் தேஞ்சு போயிரும்ல டீச்சர்?” என்று கேட்டாள். தேயும், கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்றாள் ஹஃபீஸா. அன்று புனிதா இன்னொரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள்.

இடி கொஞ்சமும் தேயாமல் வந்தது. ஏழாவது வருடத் தீபாவளிக்கு மறுநாள், மேகமில்லாத பிற்பகல். மகளை ராமையாவிடம் விட்டுவிட்டு இருவரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு நேர் மேலே வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கொட்டகையின் தூண்கள் அதிர்ந்தன. இடம் காலியாகிப் பல வருடம் ஆன கொல்லைப்பக்கத்தில் ஒரு பெரிய மரம் முறிந்து விழும் ஓசை எழுந்தது. செல்லாயி குக்கர் விசிலைக் கேட்டு, பற்ற வைக்காத அடுப்பை அணைக்க ஓடினாள். செத்துப்போன தன் நாயின் குரைப்பைக் கேட்டுச் சீனி வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தார். கொட்டகைக்குள், மகேந்திரனின் தோளுக்குப் பக்கத்தில், ஒரு இளம்பெண்ணின் குரல் “வேணாம்” என்றது.

புனிதா தலை குனிந்தாள். “நான் அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றாள்.

“நீ சொன்னது எனக்குத் தெரியும்லா,” என்றான் மகேந்திரன். “மின்னல் வெளிச்சத்துல உன் வாயைப் பார்த்தேனே.”

அவள் நிமிர்ந்தாள். “தெரிஞ்சிருந்துமா ஏழு வருஷமா இங்க வந்து உக்காந்தீங்க?”

“வாய் அசைஞ்சதுதான் தெரிஞ்சுச்சு. நீ எப்படிச் சொன்னியோ தெரியல. கோவமா சொன்னியா, பயந்துட்டியா, என்னைப் பார்த்தாலே பிடிக்கலையா. அதை உன்கிட்ட எப்படிக் கேக்குறது?”

அவன் இன்னும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவன் போல இருந்தான். அவளும் கேட்டிருந்தாள். சொல் முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அவள் சிரித்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

“ஏன் சிரிச்ச?” என்றான்.

அவள் நெடுநேரம் யோசித்தாள். அதற்குள் மூணாம் பிரிவு தன் வேலைக்குத் திரும்பியிருந்தது. செல்லாயி காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மாலையில் உண்மையான மேகம் வந்தது, மின்னியது, சில விநாடியில் இடித்தது. யாரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. மகளைப் பின்சீட்டில் தூங்க வைத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்புகிற வழியில் புனிதா அந்தச் சிரிப்புக்கு மூன்று காரணம் சொன்னாள். மூன்றையும் மகேந்திரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இருக்கலாம் என்றான். வழியில் பீடோர் ஊரைத் தாண்டியபோது அவள் நாலாவதைச் சொல்லத் தொடங்கினாள்.