இரண்டாம் அடுப்பு

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய மோட்டார் பட்டறை அது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார்கள். வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பதும் வேலை பிடிப்பதும் அண்ணன். உள்ளே விளக்கடியில் உட்கார்ந்து காயில் கட்டுவது தம்பி. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவர், சின்னவர்தான். முன்தலை வழுக்கையாகி, மூக்குக் கண்ணாடி போட்ட பிறகும் தம்பி சின்னவராகவே இருந்தார்.

பட்டறைக்கு மேலேயே வீடு. ஒரே சமையலறை, அது அண்ணியின் ராஜ்ஜியம். சின்னவருக்குக் குழந்தை இல்லை. அண்ணன் மகளைத்தான் தோளில் தூக்கி வளர்த்தார். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். ஆறு மணிக்கு வீடு திரும்பி, அண்ணி சொல்லும் வேலையைச் செய்துவிட்டு, மற்றவர்களைப் போலப் பெரியவருக்காகக் காத்திருப்பாள். பெரியவர் தட்டு முன்னால் உட்காராமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் அரட்டை அடித்துவிட்டு, அவர் மேலே வர ஒன்பதரை ஆகும், சில நாள் பத்தும் ஆகும். அதுவரைக்கும் பசித்தால் டீ. சின்னவர் குடிக்கும் டீயில் கரண்டி நட்டுவைத்தாலும் நிற்கும், அவ்வளவு சர்க்கரை.

அவருக்கு நோய் இருப்பது ஒரு மோட்டாரால்தான் வெளியே வந்தது. மாவு மில்லுக்குக் கட்டிக் கொடுத்த மோட்டார் ஓடின கொஞ்ச நேரத்தில் புகைந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் சுற்றில் கணக்குத் தப்பியிருந்தது. தூக்கத்தில் கட்டினாலும் சுற்று பிசகாத மனுஷன். கொஞ்ச நாளாகவே கண்ணுக்குள் புகைமூட்டமாக இருந்ததையும், தாகம் அடங்காததையும், அடிக்கொரு தடவை பின்பக்கம் எழுந்து ஓடியதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கவனித்திருந்தாள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு ஒரு நர்ஸம்மா அவர்களை ஒரு மூலையில் உட்காரவைத்துப் பேசினார்.

“பயப்படாதீங்க, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. தட்டுல பாதி காயா இருக்கட்டும். முதல்ல அதைச் சாப்பிடுங்க. அடுத்து பருப்பு, முட்டை, மீன், எது இருக்கோ அது. சோறு கடைசி.”

“சோத்தையே விட்டுடணுமா?”

“யாரு விடச் சொன்னா? கடைசியா வந்தா கொஞ்சமா தான் உள்ள போகும். இனிப்பு டீயை நிறுத்துங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. காலையில பட்டினி, ராத்திரி பத்து மணிக்கு மூக்கு முட்டன்னு இருந்தா சக்கரை ஊஞ்சல் ஆடும். சாப்பிட்டதும் படுக்காம கொஞ்சம் நடங்க. அவ்வளவுதான்.”

சின்னவர் யோசித்துவிட்டு, “வீட்டுல கேட்டுப் பார்க்கிறேன்” என்றார்.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். “சாப்பிடறதுக்கு யார்கிட்டங்க கேக்கணும்?”

அன்றைக்கு ராத்திரியே கேட்டார். அண்ணி தட்டில் சோற்றைக் குவிக்க வந்தபோது கையை மறித்து, “அண்ணி, சோறு போதும். காய் இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றார். அந்த வீட்டில் காய் என்பது தொட்டுக்கொள்ள. ஆளுக்கு ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது. அண்ணி தன் பங்கை எடுத்து அவர் தட்டில் தட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். மறுநாளும் அவர் மறித்தார், அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

“இத்தனை வருஷமா இந்தக் கை போட்ட சோறுதான் தம்பி உங்களை வளர்த்துச்சு. இப்ப அதுவே விஷமாப் போச்சா?”

“ஐயோ, அப்படி இல்ல அண்ணி.”

“எப்படியோ. எனக்குத் தெரிஞ்ச சமையல் இதுதான்.”

அண்ணி கெட்டவள் இல்லை. சின்னவருக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் இருந்து கஞ்சி புகட்டியவள் அவள்தான். அதனால்தான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

அடுத்தது நேரம். பட்டறையில் ஆள் இல்லாத வேளை பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே முடித்துக்கொள்ளட்டுமா என்று அண்ணனிடம் கேட்டார். பெரியவர் கையில் இருந்த பேரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா போனதிலிருந்து ஒரு நாளாவது உன்னை விட்டுட்டு நான் சாப்பிட்டிருக்கேனா?”

“இல்லண்ணே.”

“அப்ப நீ மட்டும் எப்படிடா என்னை விட்டுட்டுச் சாப்பிடுவ?”

சின்னவர் அதோடு விட்டுவிட்டார். அவருடைய மனைவியால் விட முடியவில்லை. அடுத்த வாரமே ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கிவந்து, தங்கள் அறையில் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள். கடையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வகைக் காய் வதக்கி, முட்டை அவித்து, ஏழரை மணிக்குக் கணவரைக் கீழேயிருந்து கூப்பிடுவாள். கள்ளச்சாராயம் காய்ச்சுகிற மாதிரிதான் காய் வதக்கினார்கள். வாசனையை எத்தனை நாள் சாத்திவைக்க முடியும்? பெரியவர் ஒரு நாள் கதவைத் திறந்து அடுப்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதன் பிறகு பட்டறையில் வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

ஆனால் சர்க்கரை இறங்கியது. தாகம் போனது. கண்ணில் மூட்டம் விலகி, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

இப்படி இருக்கையில் அண்ணன் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. நல்ல இடம், பையனுக்கு நிரந்தர வேலை. பையன் வீட்டார் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரியவர் தம்பியின் விளக்கடிக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசினார்.

“வர்றவங்க எதையும் தோண்டித் துருவுறவங்களாம். நம்ம குடும்பத்துல சக்கரை இருக்குன்னு காதுல விழுந்தா, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்னு பின்வாங்கிடுவாங்க.”

“நான் வேணா அன்னைக்கு வெளிய போயிடட்டுமாண்ணே?”

“சித்தப்பா எங்கன்னு கேப்பாங்கடா. நீ இருக்கணும். எங்ககூட உக்காந்து, நாங்க சாப்பிடுறதைச் சாப்பிடணும். ஒரே ஒரு வேளை. அவளுக்காக.”

அவளுக்காக என்றதும் சின்னவர் தலையாட்டிவிட்டார்.

பையனின் அப்பா கலகலப்பான ஆள். சின்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தட்டு காலியாக விடாமல் பார்த்துக்கொண்டார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. சோற்று மேட்டை ஒரு பக்கம் சின்னவர் கரைக்க, மறுபக்கம் அண்ணி கொட்டினாள். பாலில் செய்த இனிப்பு வந்தது. ஒரு கிண்ணம் ஆனது. “என்னங்க, சித்தப்பா இவ்வளவுதானா?” என்று பையனின் அப்பா இன்னொன்றை நகர்த்தினார். மூன்றாவதைப் பெரியவரே தன் கையால் எடுத்து வைத்தார். சின்னவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். கதவோரம் நின்ற மனைவியின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. சம்பந்தம் அங்கேயே பேசி முடிந்தது.

விடியும் வரை அவருக்கு நாக்கு வறண்டது. உள்ளங்கால் இரண்டும் தணலில் வைத்த மாதிரி எரிந்தன. மனைவி விரலில் குத்திப் பார்த்த கருவி, அவர்கள் அதுவரை பார்க்காத எண்ணைக் காட்டியது. இன்றைக்குப் படுத்துவிட்டால் அண்ணன் மனசு சங்கடப்படுமே என்று நினைத்து, காலையில் முகம் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அதுதான் வினையாகப் போனது.

பெரியவர் வாசலில் நின்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நேத்து மூணு கிண்ணம் இனிப்பு உள்ள போச்சு. இன்னைக்குக் கல்லுக்குண்டாட்டம் உக்காந்து வேலை பார்க்கிற. எங்கடா போச்சு உன் வியாதி?”

சின்னவருக்கு முதலில் வேடிக்கைப் பேச்சு என்றுதான் பட்டது. “என்னண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதானே…”

“நான் சொன்னா இறங்குதுல்ல? உன் அண்ணி போட்டா மட்டும் ஏன் தொண்டையில நிக்குது? தனிக்குடித்தனம் போகணும்னா ஆம்பளையா நேரா வந்து கேளு. அதுக்கு ஏண்டா சக்கரையைச் சாட்சிக்குக் கூப்பிடுற?”

“அண்ணே!”

“பொண்டாட்டி ஆட்டிவைக்கிறா, நீ ஆடுற. நேத்து ஒரு வேளையில குட்டு உடைஞ்சு போச்சு, அவ்வளவுதான்.”

கையில் இருந்த கம்பி நழுவிச் சுருள் பிரிந்து தரையெல்லாம் ஓடியது. குனிந்து எடுக்க அவருக்குத் தோன்றவில்லை. அண்ணன் கையால் வைத்த மூன்றாவது கிண்ணம்தான் கண்முன் நின்றது.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

“இந்த வீட்டுல எல்லாருடைய பேச்சையும் உங்களுக்காகத்தான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். கடைசியில நீங்களே என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே” என்றாள்.

கல்யாணம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். கல்யாணத்தில் விருந்தாளிகள் மாதிரி ஓரமாக நின்றார்கள். அது முடிந்த மாதமே வீடு மாறினார்கள். மூன்று தெரு தள்ளி முன்பக்கம் ஷட்டர் வைத்த இரண்டு அறைகள்; முன்னறை பட்டறை, பின்னறை வீடு. பட்டறையும் அதன் பெயரும் அண்ணனோடு நின்றுவிட்டன. காயில் சுற்றும் பழைய இயந்திரம் ஒன்றை மட்டும் சின்னவர் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரியவர் தடுக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. அண்ணி மாடி ஜன்னலில் நின்றிருந்தாள்.

புது வீட்டில் எல்லாம் நர்ஸம்மா சொன்னபடி நடந்தது. காலையில் எழுந்ததும் வயிற்றைக் காயப்போடாமல் ஏதாவது சாப்பிடுவார். டீயில் சர்க்கரை கிடையாது. தட்டில் முதலில் காய், பிறகு பருப்பு, கடைசியில் கைப்பிடிச் சோறு. சாப்பிட்டுவிட்டு இருவருமாகத் தெருமுனை வரை நடந்துவிட்டு வருவார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்துவிட்டு நர்ஸம்மா வாய்விட்டுப் பாராட்டினார். “வீட்டுல எல்லாரும் நல்லா ஒத்துழைக்கிறாங்க போல.” சின்னவர் சிரித்துவைத்தார்.

உடம்பு தேறியதே தவிர, வேலைதான் வரவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருகிறவர்கள்கூட, அதைக் கீழே வைக்கும் முன் அவர் முகத்தை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார்கள். ஒருவர், கண் டாக்டர் சோதிப்பது போல, இரண்டு விரலை நீட்டி ஆட்டிவிட்டுப் பிறகு தலையைச் சொறிந்தார். ஏன் என்று சின்னவருக்குப் பிடிபடவில்லை.

ஐஸ் கம்பெனி மெக்கானிக்தான் ஒரு மத்தியானம் போட்டு உடைத்தார். மோட்டாரை வண்டியிலிருந்து இறக்காமலே பேசினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சின்னவரே. கண்ணு இப்ப எப்படி இருக்கு?”

“கண்ணுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு.”

“இல்ல… பெரியவர்கிட்ட, தம்பி எங்கன்னு கேட்டேன். அவனுக்குச் சக்கரை முத்திப்போச்சு, கண்ணு அவுட்டு, கையும் நடுங்குது, கம்பியை எண்ண முடியல, அதனாலதான் வீட்டுல உக்காரச் சொல்லிட்டேன்னாரு. வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்காரு.”

“அவரா சொன்னாரு?”

“கண்ணுல தண்ணி விட்டுச் சொன்னாருங்க.”

மகள் கரையேறிவிட்டாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்கு இல்லவே இல்லை என்ற நோய், இன்றைக்குக் கண்ணைக் குருடாக்கி, கையை நடுங்கவைத்து, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் முன்னால் ஒரு சுருள் மெல்லிய கம்பியை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுற்றுகளை எண்ணிக்காட்டலாமா என்று சின்னவருக்கு ஒரு கணம் தோன்றியது. அதை நினைத்ததே கேவலமாக இருந்தது. மெக்கானிக்கும் நிற்கவில்லை. “முதலாளி அங்கயே கொடுக்கச் சொல்லிட்டாருங்க, நான் என்ன பண்ண?” என்று வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே மனைவி தட்டு வைத்துவிட்டாள். அன்று அவளுக்குக் கடை விடுமுறை. எல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. சின்னவர் வந்து உட்கார்ந்து, தட்டைத் தள்ளிவைத்தார்.

“வேணாம்.”

“மாத்திரை போட்டாச்சு” என்றாள் அவள்.

அவர்கள் குடும்பத்தில் யாருக்குக் கோபம் வந்தாலும் முதலில் சாப்பாட்டைத்தான் தள்ளுவார்கள். அப்பா அப்படி. பெரியவர் ஒரு தடவை இரண்டு நாள் பட்டினி கிடந்து, அண்ணி காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகுதான் கை நனைத்தார். ஒருவர் சாப்பிடவில்லை என்றால் வீட்டில் ஒருவருக்கும் இறங்காது. இந்தத் தட்டு இங்கே காய்ந்து கிடந்தால் அண்ணனுக்கு என்ன தெரியப்போகிறது? தெரிந்தாலும்தான் என்ன? அதோடு அவர் உடம்புக்கு இனி அந்த வசதியும் கிடையாது. மாத்திரை போட்டபின் வேளை தப்பினால் மயக்கம் வரும். வந்தால், பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று பெரியவர் இன்னொரு தடவை கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

சின்னவர் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். காயை மென்று மென்று விழுங்கினார். முட்டையைப் பாதியாகப் பிய்த்துத் தின்றார்.

“சோறு கொஞ்சம் போடட்டுமா?” என்று மனைவி கேட்டாள்.

“ம், போடு.”

அவள் கைப்பிடிச் சோறு வைத்தாள். அவர் அதையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.