நேர்கோட்டில் ஏழு மணி நேரம்

காலை ஆறரைக்குத் தம்பிக்கு இதய ஆபரேஷன். "அம்மா வந்தாத்தான் உள்ள போவேன்" என்று அவன் அடம்பிடித்தபோது, பத்தாவது படிக்கும் அக்காதான் போனில் தேடிச் சொன்னாள்: அம்மா வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவே ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரப் பயணம். நம் நேரப்படி ராத்திரி எட்டுக்கு ஏறுகிற அம்மா விடிவதற்குள் வந்துவிடுவாள்.

நள்ளிரவு தாண்டி அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்த அத்தையை உலுக்கினாள்.

"அத்தை, நேரா பறந்தா எவ்வளவு நேரம்னு மட்டும் பாத்துட்டேன். நேரா வர்ற ப்ளைட்டே இல்லையாம். அம்மா நடுவுல வேற ஊர்ல இறங்கிட்டாளாம், அடுத்தது அஞ்சு மணிக்குத்தானாம். வந்து சேர ஒம்பதாகும். அவன்கிட்ட அடிச்சு சொல்லிட்டேனே!"

"ஸ்கேல் வச்சு கோடு போட்டா ப்ளைட் வந்துடுமாடி?" என்ற அத்தை, எழுந்து அவள் தோளில் கை வைத்து குரலைத் தணித்தாள். "சரி வா. சொன்ன வாயாலேயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

தம்பி தூங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"இப்ப அம்மா வானத்துல இல்லையா?"

"இல்லடா. ஏதோ ஒரு ஏர்போர்ட்ல உக்காந்திருக்கா."

"அப்ப போன் எடுக்கலாம்ல? போடு."

எடுத்ததும் அம்மா அழத் தொடங்கினாள். தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அழாதம்மா. நீ ப்ளைட் ஏறுற வரைக்கும் போனை வச்சிடாத. அப்புறம் நான் உள்ள போறேன்."