விட்டுப்போன ஒரு 'ஏ'

பிழை கண்டுபிடிக்காத எந்த ஆங்கிலக் கடிதத்திலும் எங்கள் கிடங்கு மேலாளர் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் லாரி, பெட்டி என்று ஒற்றைப் பொருள் வருமிடத்தில், அதற்கு முன்னால் இருக்கவேண்டிய 'ஏ'வை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். "எட்டு வருஷமா சொல்றேன், மண்டையில ஏறலியே!" என்று சிவப்பு மையில் அதைச் செருகிக் கையெழுத்திடுவார்.

நான் விடுப்பில் போனபோது, எனக்குப் பதிலாகக் கடிதம் எழுதிய, புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா அம்மா எல்லா 'ஏ'வையும் போட்டுத் தொலைத்தார். கடிதம் மூன்று நாள் மேலாளர் மேசையிலேயே கிடந்தது. திரும்பி வந்து, ஒரு 'ஏ'வை உருவிவிட்டு நீட்டினேன். முகம் மலர்ந்து கையெழுத்திட்டார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்யா. 'ஏ'வைப் போட்டதும் மத்ததைப் படிக்கவே மாட்டேன். மூணு நாள் கிடந்துச்சே, நீ லீவுக்கு முன்னாடி எழுதிவச்ச லெட்டர், அதைத்தான் முழுசாப் படிச்சேன். என்னமா எழுதியிருந்த!"

எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் அந்த அம்மா எழுதியதற்கு.